மச்சான் அனுப்பிய எருவும் மைதானத்துக் காளானும்

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. என் வேலை ஊசலாடுவதால் அந்த வரியை உங்கள் தங்கையின் சார்பில் மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய எட்டு மூட்டை எருவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "ரெண்டு வருஷம் மக்கினது மாப்பிள்ளை, கையில எடுத்தா மண்ணா உதிரும்" என்றீர்கள். நம்பினேன். இருபது வருடமாக நான் பார்த்துக்கொள்ளும் கால்பந்து மைதானம் முழுக்க என் கையாலேயே தூவினேன். மழை பெய்த மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், சட்டைப் பொத்தான் அளவில் பழுப்புக் காளான், ஈர்க்குச்சிக் காலில் நின்றுகொண்டு தலையாட்டுகிறது, ஒரு வாளி பிடுங்கினால் மறுநாள் இரண்டு வாளி முளைக்கிறது, கோல் காப்பவன் வந்து "அண்ணே, இதைச் சாப்பிடலாமா?" என்கிறான், "சாப்பிட்டுப் பாரு, அப்புறம் ஆட்டத்துக்கே வர வேண்டியதில்ல" என்றேன். போன வருடம் ஓரமாக நாலைந்து முளைத்தபோதே பிடுங்கி என் எருக்குழியில் புதைத்தவன் நான். காளானுக்கு என்னைக் கண்டால் பயம் என்று நினைத்திருந்தேன்.

கால்பந்து மன்றச் செயலாளர் வந்தார். காளானை மிதித்து வழுக்கினார். "இது மைதானமா, காளான் பண்ணையா? வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமாகலைன்னா நீ வேற வேலை பாத்துக்க" என்றார்.

எரு போதாமல் வடக்கு கோல் கம்பத்தருகே மட்டும் என் குழி எரு ஒரு மூட்டை போட்டிருந்தேன். அங்கே மருந்துக்கும் ஒரு காளான் இல்லை. செயலாளரைக் கூட்டிப்போய்க் காட்டி, "இது நான் மக்க வச்சதுங்க. மத்ததெல்லாம் மச்சான் அனுப்பின லட்சணம்" என்றேன். அடுத்த வருடம் உங்களிடம் எரு வாங்கும் பேச்சையும் அங்கேயே முடித்துவைத்தேன்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் மாடுகளுக்கு மட்டும் வணக்கம் கிடையாது.

இப்படிக்கு,
உங்களை நம்பிய மாப்பிள்ளை

பி.கு.: இதை உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டினேன். எழுந்து, இரண்டு எருவும் மூட்டையாகக் கிடந்த கொட்டகைக்குப் போய் வந்தாள். "அண்ணன் மூட்டை நீலக் கயிறு. சிவப்புக் கயிறு நம்ம குழி எரு, நான்தானே கட்டினேன். நீங்க எதைத் தூவினீங்க?" என்றாள். நீலக் கயிற்று மூட்டை ஏழு, கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. எட்டாவது, வடக்கு கோல் கம்பத்தருகே போட்டது. அந்த எருவையே மைதானம் முழுக்கப் போடச் சொல்லிச் செயலாளர் ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். அவசரமாக இருபது மூட்டை அனுப்பவும். கடிதத்தைக் கிழிக்கப் போனேன்; "அண்ணன் முழுசாப் படிக்கட்டும்" என்று தடுத்துவிட்டு, உறையில் தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.