முதல் சிப்பத்தில் ஓர் எலுமிச்சம்பழம்

அம்மாப்பேட்டை, சேலம்.
8-2-1982, திங்கள் இரவு

அன்புள்ள கந்தவேல் மாமா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்ட வேண்டாம். அத்தைக்குக்கூட வேண்டாம். அத்தை நல்லவர்தான், ஆனால் அம்மாவுக்கு எழுதும்போது ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை. இங்கே அனைவரும் நலம். தூத்துக்குடியில் நீங்கள், அத்தை, குழந்தை மூவரும் நலமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் வேலை பார்க்கும் குடோனுக்கு அப்பா அனுப்பிய பத்துச் சிப்பம் லுங்கி வந்திருக்கும். அடுத்த வாரம் வியாழக்கிழமைக் கப்பலில் கொழும்புக்குப் போக வேண்டும். அப்பாவின் முதல் வெளிநாட்டு ஆர்டர். அங்கே சுங்கத்தில் சரக்கு நின்றால் இதுவே கடைசி ஆர்டர் என்று கொழும்பு வியாபாரி சொல்லிவிட்டார். மாமா, அது நிற்கப் போகிறது. நிறுத்தப் போவது நான். பயமாக இருக்கிறது. ஆனால் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, பாருங்கள். தப்பிக்கும் வழியையும் நானே யோசித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வழக்கமாகக் கப்பல் வந்து சேர்ந்து பத்து நாள் கழித்துத்தான் காகிதங்கள் வருகின்றன, அதுவரை சரக்கு வெயிலில் கிடக்கிறது, அதனால் பில்லையும் சரக்குப் பட்டியலையும் முன்கூட்டியே டெலக்ஸில் அடித்துவிடுங்கள், கப்பல் வருவதற்குள் சுங்கத்தில் பேசி முடித்துவிடுகிறோம் என்று கொழும்பு ஏஜெண்ட் கேட்டார். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “கையெழுத்து இல்ல, சீல் இல்ல, கம்பி வழியா வர்ற காயிதத்த எந்த ஆபீசரப்பா நம்புவாரு?” என்றார். “நம்புவாங்க மொதலாளி, அங்கயும் இதே மாதிரி ஒரு மிசினு இருக்குதுங்க” என்றார் டெலக்ஸ் அடிக்கும் சென்னியப்பன். மறுநாளே அவர் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. “பாப்பா, நீ டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கற. மூணு வாரத்துக்கு நீ அடி சாமி. மொதலாளிக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவாரு” என்று அழாத குறையாகக் கேட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நான் அடிப்பேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து இருமுவார். “சென்னியப்பனுக்கு எடது கையிலயே என்ன வேகம் பாத்தியா?” என்று அப்பா வெளியே அம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்கும்.

முதல் சிப்பத்தைத் தைக்கும் முன் அம்மா அதில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று வைத்தார். நம் தறிக்கார வீடுகளில் வழக்கம்தானே. எலுமிச்சம்பழம் ஒன்று, மஞ்சள் கிழங்கு ஒன்று, நாலணா ஒன்று. கொழும்பு ஏஜெண்டோ, சிப்பத்தில் இருப்பதெல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் இருப்பதெல்லாம் சிப்பத்தில் இருக்க வேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பத்தும் நிற்கும் என்று அடித்திருந்தார். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு மறைத்தால் அது கடத்தல். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒன்றரை மாதமே இருக்கும்போது கடத்தல்காரியாக எனக்கு விருப்பமில்லை.

“ஏம் பாப்பா, எலுமிச்சம்பழத்தையுமா அடிப்ப?” என்றார் சென்னியப்பன்.

“உள்ள இருக்குதுல்லங்க?”

“இருக்குதுதான்...”

“அப்பறம் என்னங்க?”

அவர் யோசிப்பதற்குள் அடித்து முடித்தேன். தபாலாக இருந்தால் பெட்டியருகே நின்று தபால்காரரிடம் கெஞ்சித் திரும்ப வாங்கலாம். இது அடிக்க அடிக்கக் கடல் தாண்டி அங்கே காகிதத்தில் ஏறிவிடுகிறது.

மறுநாள் பதில் வந்தது. “டியர் சார், எலுமிச்சம்பழத்துக்குப் பூச்சி இல்லை என்ற சான்றிதழ் எங்கே? நாணயத்தை நாட்டை விட்டு அனுப்ப அனுமதி எங்கே? இவை எதற்காக?” என்னை சார் என்று ஒருவர் கூப்பிட்டது இதுவே முதல் தடவை, அதற்குத் தகுந்தபடி மிடுக்காகப் பதில் அடித்தேன்: “சரக்கின் பாதுகாப்புக்காக.” உடனே கேள்வி வந்தது: “பாதுகாப்பு என்றால் இன்சூரன்ஸா? செய்தவர் யார்?” முடிச்சு வைத்தவர் யாரோ அவர்தானே செய்தவர்? “கந்தம்மாள், அம்மாப்பேட்டை, சேலம்” என்று அடித்தேன். இன்று மாலை வந்தது: “கந்தம்மாள் கம்பெனியின் பாலிசி நம்பர் தரவும். பட்டியலை இன்று சுங்க அதிகாரியிடம் காட்டப் போகிறேன்.”

மாமா, உங்கள் அக்கா இப்போது கொழும்புச் சுங்கத்தில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. அந்த டெலக்ஸைக் கணக்கு நோட்டுக்குள் மறைத்து வைத்திருக்கிறேன். அப்பா கேட்டால் சென்னியப்பன் மாட்டுவார், அவரைத் தொட்டு நானும் மாட்டுவேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சிரமம் ஒன்றுமில்லை. டிரங்க் கால் போட்டால் அப்பா பக்கத்தில் நிற்பார், அதனால்தான் எழுதுகிறேன். நம்பர் ஒன்று என்று எழுதிய சிப்பத்தில், நம்பருக்கு நேர் மேலே சணல் தையலை ஒரு சாண் பிரியுங்கள். மேலிருந்து மூன்றாவது லுங்கிக்கு அடியில் முடிச்சு இருக்கும். எடுத்துவிட்டு அதே துளைகளில் தைத்துவிடுங்கள். நாலணா குழந்தைக்கு. பழத்தை என்ன செய்வதென்று அத்தைக்குத் தெரியும், ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்லாதீர்கள். எடுத்ததும் எனக்கு ஒரு தந்தி கொடுத்தால், பழம் ரத்து என்று கொழும்புக்கு நான் அடித்துவிடுவேன். அதோடு எல்லாம் சரியாகிவிடும், சரியாகாமல் போக வழியே இல்லை, ஏனென்றால்

கதவைத் தட்டுகிறார்கள்

பின்குறிப்பு (செவ்வாய் காலை): தட்டியது அப்பா. கையில் டெலக்ஸ் தாள். கீழே மிஷின் தானாக அடித்திருக்கிறது. “எந்திரி சாமி, என்னமோ வந்திருக்குது, படிச்சுச் சொல்லு” என்றார். சென்னியப்பனைக் கூப்பிடவா என்று கேட்டேன். “அவன் எடது கையில டம்ளரக்கூட நேராப் புடிக்க மாட்டான். நீ படி” என்றார்.

படித்தேன். இருபது வருட வேலையில் எலுமிச்சம்பழத்தைக்கூட ஒப்புக்கொண்ட வியாபாரியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாராம் சுங்க அதிகாரி. விற்பனைக்கு அல்லாத பூஜைப் பொருள் என்று எழுதி அனுமதித்துவிட்டார். முதல் சிப்பத்தை மட்டும் பிரிப்பார். பட்டியலில் உள்ளபடி எல்லாம் இருந்தால் மற்ற ஒன்பதையும் பிரிக்காமலே விடுவார். கந்தம்மாள் கம்பெனியின் முழு விலாசமும் வேண்டுமாம், ஏஜெண்ட் தன் சரக்கையும் இன்சூர் செய்ய விரும்புகிறார்.

நான் குதித்தேன். அப்பா குதிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “பழத்த நான் அன்னிக்கே எடுத்துட்டனே தெய்வா. சாறு எறங்குனா லுங்கி பூராக் கறையாயிருமுல்ல. கெழங்கும் காசும் அப்பிடியே இருக்குது. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராத” என்றார். அம்மாவுக்கு அவர் இவ்வளவு பயப்படுவார் என்பது எனக்குத் தெரியாது.

ஆகவே மாமா, மேலே எழுதியதைத் தலைகீழாகச் செய்யுங்கள். தையலைப் பிரிக்கும் இடம் அதேதான். முடிச்சை எடுக்க வேண்டாம், பழம் ஒன்றை வாங்கி உள்ளே வைத்துத் தையுங்கள். கறை இறங்காமலிருக்கக் காய்ந்த பழமாகப் பாருங்கள். சின்னதோ பெரியதோ, பச்சையோ மஞ்சளோ பரவாயில்லை. அதையெல்லாம் நான் பட்டியலில் அடிக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சு. தெய்வநாயகி