பாதி ஆற்று இஞ்சினியர்

இன்னொருவர் வேலையைப் பார்த்துச் சரி சொல்வதற்கென்றே பிறந்த ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. அதற்கு மறுபார்வை இஞ்சினியர் என்று பெயர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, பெயருக்குப் பின்னால் ரயில்பெட்டிகள் மாதிரி பட்ட எழுத்துகள். இதையெல்லாம் வைத்து அடையாளம் கண்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல் டாக்டருக்கும் இதெல்லாம் உண்டு. ஒரு பிளானை அவர் முன்னால் விரித்துப் பாருங்கள். பாலம் நிற்குமா விழுமா என்று பார்க்கமாட்டார். பாலம் எந்த மாநிலத்தில் நிற்கப்போகிறது, அல்லது எந்த மாநிலத்தில் விழப்போகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

நான் சொல்லும் நவரட்ணம் அவர்கள் இந்த இனத்தின் முழு வளர்ச்சி. மலாக்கா மாநிலத்தில் பதிவு பெற்றவர். பதிவுப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி, வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துச் சாமிப் படத்தோடு அதற்கும் ஒரு பூ வைப்பவர். மலாக்காவுக்குள் அவரைக் கேட்டால் கட்டிடம், கால்வாய், கிணறு, கிணற்றுக்குள் தவளை எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் உண்டு. எல்லையான கெசாங் ஆற்றைத் தாண்டி அடுத்த மாநிலமான ஜொகூருக்குள் கார் நுழைந்ததோ இல்லையோ, ஆள் வாயைப் பொத்திக்கொள்வார். இரண்டும் இரண்டும் எத்தனை என்று அங்கே வைத்துக் கேட்டால்கூட, "உள்ளூர் ஆளைக் கேட்டுப் பாருங்கோ" என்பார். புவியீர்ப்பு விசை எந்த மாநிலத்தில் பதிந்துகொண்டு இரண்டு கரையிலும் வேலை செய்கிறது? இதை அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அவர் ஆபீசில் பிளான் படியெடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

அந்த ஆற்றின் இரு கரையிலும் ஒரே ரப்பர்த் தோட்டம். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் வந்ததும் தொழிலாளர் லயத்து வீடுகளை எல்லாம் மலாக்காக் கரைக்குத் தள்ளிக்கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். பால்மரங்களைத் தள்ளிக்கொண்டுவர முடியவில்லை. அவை ஜொகூர்க் கரையிலேயே நின்றன. நடுவிலிருந்த பழைய பாலத்தைக் காட்டிலிருந்து வந்தவர்கள் கொளுத்திவிட்டார்கள். அதன்பிறகு மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர்களின் லோரி பெரிய ரோட்டைச் சுற்றித்தான் வீடு திரும்பும். வழியெல்லாம் சோதனை. சாயங்காலம் வேலிக் கேட்டை மூடிவிட்டால் மூடியதுதான். வெளியே அசைவது பால்வெட்டும் மீனம்மாவா காட்டுக்காரனா என்று விசாரித்துவிட்டுச் சுடும் வழக்கம் காவலுக்கு இல்லை.

மீனம்மாவுக்குப் பால்குடி மறக்காத குழந்தை. தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகையில், வேலிக்குள்ளே. ஒருமுறை லோரி பிந்திப்போய், அவள் இந்தக் கம்பிக்கு வெளியே தோட்டத்துப் பால் ஸ்டோரில் கிடக்க, குழந்தை உள்ளே இராமுழுதும் அழுதே ஓய்ந்தது. புதுப் பாலம் யாருக்கு வேண்டுமோ இல்லையோ, அவளுக்கு வேண்டும்.

தோட்டத்துத் துரை ஏற்பாடு செய்தார். நடு ஆறுவரை மலாக்காவின் பாதி, அதை நவரட்ணம் போடவேண்டியது. மற்றப் பாதி ஜொகூரில் மூவாரிலிருந்த ஆனந்தராஜாவுடையது. ஒருவர் பிளானை மற்றவர் மறுபார்வை பார்க்க வேண்டும். இந்த ஆனந்தராஜா வேறு யாருமல்ல, நவரட்ணத்தின் தங்கை கனகாம்பிகையின் கணவர். யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்.

இருவரும் பிளானைப் பரிமாறிக்கொண்டார்கள். நவரட்ணம் அவருடைய கரையில் நட்டிருந்த மலாக்கா அளவுக்கல்லிலிருந்து உயரம் எடுத்திருந்தார். ஆனந்தராஜா ஜொகூர்க் கல்லிலிருந்து. இரண்டு கல்லும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. ஆகையால் நடு ஆற்றில் மலாக்காப் பாதி ஜொகூர்ப் பாதியைவிட ஒரு சாண் உயரமாக வந்து நின்றது, காகிதத்தில். இருவரும் பார்த்தார்கள். இருவருக்கும் புருவம் ஏறியது. இருவரும் எழுதினார்கள்: "படம் சுத்தமாகக் கீறப்பட்டிருக்கிறது. உள்ளடக்கம் என் பதிவு எல்லைக்கு வெளியே உள்ளது."

அந்த ஞாயிறு சாப்பாட்டில் கனகாம்பிகைதான் வாயைத் திறந்தார்.

"அண்ணை, இவற்ற பாலம் சரியே?"

"பிள்ளை, நான் மலாக்காவிலை பதிஞ்சனான். அது ஜொகூர்ப் பக்கம்."

"பக்கத்தை ஆர் கேட்டது? சரியோ, பிழையோ?"

"அதைச் சொல்ல எனக்கு அங்கை உரிமை இல்லை."

ஆனந்தராஜா நிம்மதியாகத் தலையாட்டினார். "மச்சான் சொல்லுறது நியாயம். நானும் அவற்ற பாதியைப் பற்றிக் கதைக்கேல்லைத்தானே."

"அப்ப நண்டுக்கறி சரியோ எண்டாவது சொல்லுங்கோ. உம்பாய் நண்டு. மலாக்காதான்."

"உப்புக் காணாது," என்றார் நவரட்ணம், முழு அதிகாரத்தோடு.

பாலம் எழும்பியது. இந்தக் கரைக் கொந்தராத்துக்காரர் இந்தப் பாதி, அந்தக் கரைக்காரர் அந்தப் பாதி. நடு ஆற்றில் அவரவர் கம்பம், அவரவர் பலகை. படி தெரிகிறதே என்று கேட்டவர்களுக்கு, "பிளான்ல அப்படித்தான் இருக்குலா," என்று பதில் வந்தது. எவ்வளவு உண்மையான பதில்!

முதல் நாள் சாயங்காலம். இஞ்சினியர்கள் அவரவர் கரையில் அவரவர் குடையின் கீழ். பால்வெட்டுக் காட்டிலிருந்து லோரி பெண்களோடு வந்தது, ஆனந்தராஜாவின் பாதியில் மணமகன் மாதிரி ஊர்ந்தது, நடுவில் படியில் முட்டி நின்றது. டிரைவர் இருளாண்டி மூன்றுதரம் முயன்றார். மூன்றுதரமும் லோரி இருமியது.

மீனம்மா குதித்து இறங்கி, படியேறி, நவரட்ணத்திடம் ஓடிவந்தாள்.

"ஏங்கையா, இந்தப் படி இருக்கிறது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், அம்மா."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"அது அவற்ற பக்கம்."

அவள் திரும்பி எதிர்க்கரையைப் பார்த்தாள். எதிர்க்கரையும் குடைக்குள் நியாயமாகத் தலையாட்டியது.

வேலிக்குள்ளிருந்து முதல் மணி அடித்தது. இரண்டாவது மணிக்குக் கேட் மூடும்.

"பொம்பளைங்க நடந்துருங்கலா, சீக்கிரம்!" என்றார் இருளாண்டி. "லோரிய விட்டுட்டுப் போனா ராத்திரி கொளுத்திருவானுங்க. பாலத்தோட சேத்து." மிச்சம் கிடந்த இரண்டு பலகைகளை இழுத்துப் படியில் சாய்த்து வைக்கப் போனார்.

"நில்லும்!" என்றார் நவரட்ணம். "அந்தப் பலகை எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்தாங்கையா. இந்த முனை அங்க, அந்த முனை இங்க."

"அப்ப நான் அனுமதிக்கேலாது."

"நானும்தான்!" என்று அக்கரையிலிருந்து ஆனந்தராஜா கத்தினார்.

"அனுமதிக்க வேணாம்யா," என்றாள் மீனம்மா. அவள் கண் கேட்டின் மேலேயே இருந்தது. "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

நவரட்ணம் யோசித்தார். பார்க்காத ஒன்றுக்கு மறுபார்வை இல்லை. மெல்லத் திரும்பி, மேற்கே மலாக்காவின் மேகங்களை ஆராயத் தொடங்கினார். அதே நேரத்தில் அக்கரைக் குடையும் ஜொகூரை நோக்கித் திரும்பியது. இருவர் முதுகுக்கும் இடையில் பலகை கிரீச்சிட்டது, லோரி உறுமியது, ஏறியது, வந்தது. பின்னால் பெண்கள் ஓடினார்கள். இரண்டாவது மணி அடித்தபோது மீனம்மா வேலிக்குள்ளே இருந்தாள்.

லோரி எப்படி வந்ததென்று இரண்டு இஞ்சினியர்களுக்கும் இன்றுவரை தெரியாது. பலகைகள் மட்டும் அங்கேயேதான் கிடக்கின்றன. அந்தப் பாலத்தில் யார் கையெழுத்தும் இல்லாத இடம் அதுவொன்றுதான். தினமும் எல்லாரும் வீடு திரும்புவது அதன்மேல்தான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று கேட்கட்டுமா? பந்தியில் பக்கத்து இலைச் சாம்பாரில் ஈ விழுவதைப் பார்த்துவிட்டு, அது அவருடைய இலையாயிற்றே என்று உங்கள் சோற்றைப் பிசைந்ததுண்டா? உண்டென்றால் வெட்கப்பட வேண்டாம். கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். அந்தக் கரையில் உங்களுக்கும் ஒரு குடை இருக்கிறது.