மலைக்கு அனுப்ப அண்ணனிடம் அனுமதி கேட்டு

பாசமுள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மருமகளும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீங்கள், அண்ணி, அண்ணியின் முழங்கால் வலி எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நான் அழுதுவிடுகிறேன், விஷயம் அப்படியே நின்றுபோகிறது. அதனால்தான் கடிதம். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். வரி கோணலாகப் போனால் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் படித்துக்கொள்ளவும்.

விஷயம் அந்தப் பள்ளிக்கூடத்து மலை முகாம். "புருஷனைப் பறிகொடுத்து வருஷம்கூடத் திரும்பல, இருக்கிற ஒத்தப் பிள்ளையை மலை மேல ஏத்தி விடுறேங்குற. உனக்கு மூளை கழண்டுபோச்சா?" என்று கேட்டீர்கள். நியாயம்தான். நானும் முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். இவள் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை சாப்பிட்டாள், ஆனால் பேசவில்லை. சரி, அனுப்ப மாட்டேன் என்பதை நேரிலேயே சொல்லிவிட்டு வருவோம் என்று, பிஸ்கட் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன்.

முகாமை நடத்துவது ஒரு சின்ன வயசு டீச்சர். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் பிள்ளைகள் வைத்த பேர் விசில் டீச்சர். மலை அழகு, காற்று சுத்தம் என்று ஏதாவது அளப்பாள் என்று பார்த்தால், எடுத்த எடுப்பிலேயே, "அங்க என்னென்ன விபரீதம் நடக்கலாம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்கிறாள். அண்ணா, அவர் போனதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது. நடுவீட்டில் ஒரு வாளி இருந்தால் அதில் யார் தடுக்கி விழப்போகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. வெளியே சொன்னால் அண்ணி "முதல்ல வாயைக் கழுவு" என்கிறார். இங்கே ஒருத்தி நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொல்லச் சொல்கிறாள். விடுவேனா.

பக்கத்தில் டை கட்டிய ஒரு அப்பா, "என் பையனுக்குக் கொசு கடிச்சா ஒத்துக்காது" என்று சொல்லி உட்கார்ந்தார். நான் எழுந்தேன். பாறை வழுக்கும் என்றேன், தேனீ கலையும் என்றேன், ஒரு பிள்ளை ஒதுங்கப் போன நேரத்தில் பஸ் கிளம்பிவிடும் என்றேன், பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு பிள்ளை பேசாமல் ஏறும் என்றேன். ஒன்றுவிடாமல் அவளிடம் பதில் இருந்தது, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒதுங்கப் போனாலும் ஜோடியாகத்தான் போகணுமாம், ஜோடி திரும்பாமல் பஸ் நகராதாம். மேகம் கறுத்தால் உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவார்களாம். பயமாயிருக்கு என்று முதலில் சொல்கிற பிள்ளைக்கு எல்லாரும் கைதட்டுவார்களாம். "நீங்களே மயங்கி விழுந்துட்டா?" என்றேன். "இன்னொரு டீச்சர் வர்றாங்கக்கா. அவங்களும் விழுந்தா என்ன பண்ணணும்னு பிள்ளைங்களுக்கே பழக்கியிருக்கேன்" என்றாள். டை அப்பா என் பக்கம் திரும்பி, "ஏம்மா, எல்லாரையும் சாய்ச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவீங்களா?" என்றார். "நான் இன்னும் பாம்புக்கே வரலைங்க" என்றேன்.

எல்லாரும் போய், கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்து நின்ற பிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "இவ்வளவும் செஞ்சா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றேன். "அப்படி நான் சொல்ல மாட்டேன்க்கா. அப்படிச் சொல்றவங்களை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் மாப்பிள்ளையைப் பற்றி அத்தனை பேரும் ஒண்ணும் ஆகாது என்றுதானே சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை பெற்றோருக்கும் ஏறிப் பார்க்கிற பயிற்சி. மைதானத்து ஓரத்தில் பிடி பதித்த சுவர். கயிற்றின் ஒரு நுனி ஏறுகிறவர் இடுப்பில், உச்சியில் ஒரு வளையத்துக்குள் நுழைந்து இறங்கும் மறு பக்கம் கீழே நிற்கிறவர் கையில். ஒருத்தர் முடிச்சை இன்னொருத்தர் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கணும். எனக்கு ஜோடியாக வாய்த்தது அதே டை அப்பா. கீழே சும்மா நிற்கிற மனுஷனைத் தரையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "நீங்க விழுந்தா உங்க கனத்துக்கு அவர் மேல போயிடுவார்க்கா" என்றாள் விசில் டீச்சர். அதிலிருந்து அவர் முகமே சரியில்லை. பாதிச் சுவரில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழேயிருந்து, "அம்மா, வந்துடுங்கம்மா, எனக்குப் பயமாயிருக்கு" என்கிறார். "என்னைப் பார்க்காதீங்க சார், கயித்தைப் பாருங்க, தைரியமா இருங்க" என்று தொங்கிக்கொண்டே நான் அவரைத் தேற்றுகிறேன். உள்ளதைச் சொன்னால் எனக்குப் பயத்தைவிட வேடிக்கைதான் அதிகம். பள்ளிக்கூடத்துக் கூரை மேல் நாலைந்து பந்தும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. யார் செருப்பு, எப்படி அங்கே போனது, மற்றது எங்கே என்று யோசித்துக்கொண்டே தொங்கினேன். இத்தனை மாசத்தில் அன்றைக்குத்தான் அண்ணா, நான் வேறு ஒன்றை யோசித்தது.

சமையல்கட்டில் உங்கள் மாப்பிள்ளை ஸ்டூல் மேல் ஏறிப் பல்பைக் கழற்றும்போது விழுந்தாரே, அந்த இடத்தில் நான் பிறகு பல்பே மாட்டவில்லை. கூடத்து வெளிச்சத்தில்தான் சமையல். நீங்கள் வந்தபோது எல்லாவற்றிலும் இரண்டு தடவை உப்பு விழுந்தது அதனால்தான். நான் சுவர் ஏறிய அன்று சாயங்காலம் உங்கள் மருமகள் அதே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். "ஏறும்மா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள். "நீ என்னைத் தாங்குவியாடி?" என்றேன். "உன்னை யாரு தாங்கச் சொன்னா? ஸ்டூலைப் பிடிச்சாப் போதும்" என்றாள். ஏறினேன், மாட்டினேன். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் அடுப்பு மேடையெல்லாம் பிசுக்கு. இரண்டு பேரும் அழுதுகொண்டே தேய்த்தோம். அவர் ஏறின அன்றைக்கு நான் கம்பெனியில், இவள் பள்ளிக்கூடத்தில். பிடித்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் இல்லை. அதற்கு மேல் நான் எழுதவில்லை அண்ணா.

அதனால்தான் கேட்கிறேன். அனுப்பட்டுமா? அவளுக்கு அப்பா இடத்தில் இருப்பது நீங்கள். உங்கள் வாயால் சரி என்று வந்தால்தான் அவள் வாசற்படி தாண்டுவாள். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். பதில் வரும்வரை பையைத் தொடக்கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு, அவர் முழங்காலுக்கு என் விசாரிப்பு. வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும், பார்த்து நடக்கவும் வேண்டும்.

உங்கள் சொல்லைத் தட்டாத
தங்கச்சி

பி.கு.: இதை எழுதிச் சில நாளாகிறது. நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று காலை அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியில் கூரியரில் கொடுக்கிறேன். நாளைக்கு நீங்கள் இதைப் படிக்கும்போது அவள் மலை மேல் இருப்பாள். பஸ் கிளம்புமுன் விசில் டீச்சர், "அவசரத்துக்கு நீங்க போன் எடுக்கலைன்னா அடுத்து யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டாள். அவர் பேர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்புறம் உங்கள் நம்பரைக் கொடுத்தேன். ஆகவே அண்ணா, அவள் திரும்புகிறவரை போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். என்னைத் திட்டுவதாக இருந்தால் கடிதத்தில் திட்டுங்கள். லைனை அடைத்துக்கொள்ள வேண்டாம்.