பொழைக்காது டாக்டரும் பஞ்சாமிர்தம் தின்ற கரடியும்

என் பழைய நாட்குறிப்பில் ஒரு வரி: "கரடி விழித்திருக்கிறது. மூன்று பேர் தூங்குகிறார்கள். தூறல்." தேதி இருந்த மூலை மழைநீர் பட்டு அழிந்துவிட்டது. அறுபதுகளின் தொடக்கம் என்பதற்கு மேல் சொல்ல முடியாதது இன்றும் எனக்கு உறுத்தல்.

ஆனால் அந்த வரிக்குக் காரணமானவரைப் பற்றிச் சந்தேகமே இல்லை. பழனி மலைத்தொடர் முழுவதிலும் அவரைப்போல் நம்பிக்கையற்ற மனிதர் பிறந்ததில்லை. மாட்டு டாக்டர். சொந்தப் பெயரை மறந்து ஊரே 'பொழைக்காது டாக்டர்' என்றது. கன்றுக்குட்டி தும்மினாலும் "பொழைக்காதுங்க" என்பார்; சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை அதனுடன் மல்லுக்கட்டுவார். மலைமேல் போளூரில் அவர் வருஷாவருஷம் 'பொழைக்காது' என்று சொன்ன எருமை ஒன்று கிழடாகித்தான் செத்தது.

நாயுடுபுரத்தில் நான் கணக்கெழுதிய பங்களாவில் முதலாளி ஒரு கரடியைக் கூண்டில் வைத்திருந்தார். அதற்குக் கோரைப்பல் அழுகி, முகம் வீங்கி, தீனி இறங்கவில்லை. அந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் சுட்டுவிடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். கரடியைக் கவனித்துவந்த மாயாண்டி அன்றிலிருந்து தானும் சரியாகச் சாப்பிடவில்லை.

டாக்டர் கூண்டைச் சுற்றி வந்தார். மயங்கவைத்துத்தான் பல்லைப் பிடுங்க வேண்டும். மருந்து குறைந்தால் நம்மைக் கடிக்கும், கூடினால் எழவே எழாது என்றார்.

"எடையும் குத்துமதிப்புத்தான். பொழைக்காதுங்க."

மருந்து கசக்கும் என்று பழனியிலிருந்து பஞ்சாமிர்தம் வரவழைத்து, அதில் கலந்து மாயாண்டியிடம் கொடுத்துவிட்டு, இடுக்கியைக் கொதிக்கவைக்கப் போனார். மாயாண்டி பழனிக்காரன். பஞ்சாமிர்தத்தைச் சாமிக்குக் காட்டாமல் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. முருகன் படத்தின்முன் வைத்து, சூடம் காட்டி, மணியும் அடித்துவிட்டான். பிறகு கரடிக்குக் கீழே விரிக்கக் கோணி எடுக்கப் போனான். மணிச் சத்தம் கேட்டுச் சமையற்காரர், தோட்டக்காரர், வாட்ச்மேன் மூவரும் வந்து, ஆளுக்கொரு கை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்கள். கசந்தது. பிரசாதத்தை யார் துப்புவார்கள்?

மாயாண்டி திரும்பி வந்து வைத்த மிச்சத்தைத் தின்ற கரடி, டாக்டர் இடுக்கியோடு வந்தபோது எழுந்து நின்று அவரைப் பார்த்தது. வராந்தாவில் மூன்று குறட்டைகள். டாக்டர் ஒவ்வொருவர் இமையையும் விரித்துப் பார்த்து, மூவருக்கும் தனித்தனியாக, "பொழைக்காது" என்றார். சாயங்கால டீக்கு மூவரும் எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் புது மருந்து, மணியில்லாமல். கரடி சாய்ந்தது. அதன் கண்ணைத் துணியால் மூடி, தலையைத் தாழ்த்திவைத்துப் பல்லைப் பிடுங்கினார். விளக்கு வைக்கும் நேரமாகியும் அது அசையவில்லை. மூச்சு மெலிந்தது; உடம்பு சில்லிட்டது. டாக்டர் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார்.

மாயாண்டி அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "ஐயா, நெசத்தச் சொல்லுங்க. பொழைக்குமா?"

டாக்டர் அவன் முகத்தையே பார்த்தார்.

"ஏலே, பொழச்சுக்கும்."

எங்களுக்கு உள்ளுக்குள் எல்லாம் அறுந்துபோனது. அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல்லை யாரும் கேட்டதே இல்லை. சமையற்காரர் அழத் தொடங்கினார். தோட்டக்காரர் மண்வெட்டி தேடிப் போனார்.

சற்றுப் பொறுத்துக் கரடி மூக்கைச் சுளித்து, கோட்டின் கையைக் கவ்வியது. டாக்டர் அதன் மார்பில் கைவைத்துப் பார்த்து, "ரொம்ப நாள் தாங்காது" என்றார். மாயாண்டி அப்போதுதான் சோறு கேட்டான்.

பிறகு டாக்டர் மாற்றலாகிப் போனார். எங்கே, எந்த ஆண்டு காலமானார் என்று தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. கடைசிப் படுக்கையில் மனைவி கேட்டபோது, "பொழச்சுக்குவேன்" என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு காதில் விழுந்தது. அதை உறுதிசெய்ய முடியவில்லை. பொய்யாகவே இருக்கட்டும்.