டர்போவுக்குத் தோல் போர்த்திய கதை

என் தங்கையின் நிச்சயதார்த்தப் பிரியாணியைக் கெடுத்தவன் நான்தான். சமையல்காரர் பாஷா பாய்க்கு அதில் பங்கில்லை, ஆட்டுக்கும் இல்லை. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் ஆற்காட்டுப் பக்கம் சிலர் இன்னும் பாயைச் சந்தேகப்படுவதாகக் கேள்வி. அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் பராமரிப்பு சூப்பர்வைசர். மெக்கானிக்கல் டிப்ளமோ. எந்த இயந்திரத்தையும் இருக்கிறபடி விட்டுவைக்க முடியாத வியாதி எனக்கு உண்டு. (அம்மா இதைக் ‘கை அரிப்பு’ என்பார்.) என்னிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. மேட்டைக் கண்டால் அழும். டர்போ வைத்தால் பறக்கும் என்று நானே முடிவு செய்து, பழைய இரும்புக் கடையிலிருந்து லாரியில் கழற்றிய டர்போ ஒன்றை வாங்கி வந்தேன்.

விஷயம் எளிதுதான். இன்ஜின் வெளியே தள்ளும் சூடான புகை, டர்போவுக்குள் ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதோடு சேர்ந்து சுற்றும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும். காற்று கூடினால் பலம் கூடும். இதை இன்ஜினை ஒட்டி வைப்பதுதான் உலக வழக்கம். என் வேனிலோ இன்ஜின் பக்கத்தில் தீப்பெட்டி வைக்கக்கூட இடமில்லை. அதனால் பின்பக்கம், சைலன்சர் இருந்த இடத்தில் மாட்டினேன். புகை பத்தடிக் குழாயில் பின்னால் போக வேண்டும், அழுத்திய காற்று இன்னொரு பத்தடிக் குழாயில் முன்னால் வர வேண்டும். (ஆயில் போய்வர வைத்த குழாய்களைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் அழுகை வரும்.)

விளைவு என்னவென்றால், ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒன்றுமே நடக்காது. மிதித்ததையே மறந்துபோன பிறகு வேகம் வரும். எங்கள் தொழிற்சாலை ஃபிட்டரும் என் தோஸ்த்துமான சேகர் பக்கத்தில் உட்கார்ந்து சாலையோரக் கரன்ட் கம்பங்களை எண்ணுவான். “ஒண்ணு... ரெண்டு... மூணு...” ஏழாவது கம்பத்தில் டர்போ விசிலடிக்கும். அதற்குள் நான் முந்த நினைத்த லாரி டிரைவர் அடுத்த டீக்கடையில் டீயே குடித்து முடித்திருப்பார்.

அந்த நேரத்தில்தான் தங்கை மெர்சிக்கு வரன் அமைந்தது. அவள் வேலூரில் நர்ஸ். மாப்பிள்ளை ஜெயராஜ் அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இருவருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. இடைஞ்சல் ஒன்றே ஒன்று, மாப்பிள்ளையின் அப்பா. ஆற்காட்டில் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். முதல்முறை ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். டீ குடிக்க மட்டும்தான் அதை விலக்கினார்.

“பொண்ணு தங்கம். ஆனா உங்க ஊர்ல ஒரு வாடை இருக்குது பாருங்க... சம்பந்தின்னா வரப்போக இருக்கணுமே” என்று இழுத்துவிட்டுப் போனார்.

எங்களுக்கு எந்த வாடையும் தெரியவில்லை. மூன்று தலைமுறையாகத் தோலோடு குடித்தனம் நடத்திய மூக்குகள் அவை. மெர்சி மூன்று நாள் அழுதாள். ஜெயராஜ் அங்கே அப்பாவிடம் மன்றாடினார். ஹெட்மாஸ்டர் அரை மனதோடு சம்மதித்தார். பிறகு பாத்ரூமில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டதால், நிச்சயதார்த்தத்தை ஆற்காட்டில் அவர் வீட்டிலேயே வைப்பதென்று முடிவானது. அம்மா ரோஷத்தோடு, “பிரியாணி எங்க ஊர்லேர்ந்து நாங்க கொண்டாறோம்” என்று சொல்லிவிட்டார்.

மெர்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணா, அவங்கப்பாவுக்கு வாடைன்னாலே ஆவாது. நீ நல்லா குளிச்சிட்டு, சென்ட் போட்டுக்கினு வா. பிரியாணிய பத்திரமா கொண்டாந்து சேத்துடு. வேற எதுவும் செய்யாத.”

கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு முறை சொன்னாள். நான்தான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

பிரியாணி ஆறாமல் போய்ச் சேர வண்டி வேகமாகப் போக வேண்டாமா? முதலில் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வந்த இடமெல்லாம் காற்றுக் கசிவை அடைத்தேன். ஆறு கம்பம். தடித்த புகைக் குழாயை எடுத்துவிட்டு ஒல்லிக் குழாய் போட்டேன். ஐந்து கம்பம். அதற்குமேல் அசையவில்லை. குழாயைத் தொட்டுப் பார்த்தபோது விரலோடு சேர்ந்து அறிவும் சுட்டது. புகையின் சூடெல்லாம் வழியிலேயே வீணாகிறது! சூடு குறையக் குறைய, டர்போவைச் சுற்றும் பலமும் அல்லவா குறைகிறது! குழாய்க்குப் போர்வை போர்த்த வேண்டும்.

அதற்கென்று தீப்பிடிக்காத துணி விற்கிறார்கள். சென்னைக்குப் போய் வாங்கி வர வேண்டும். ஆம்பூரில் இருந்துகொண்டு போர்த்துவதற்கு எதையாவது தேடிச் சென்னைக்குப் போவேனா?

“தோலு எரிஞ்சிடாதா?” என்று சேகர் கேட்டான்.

“வெல்டிங் வைக்கறவன் கையில இன்னா போட்டுக்கினு இருக்கறான்? தோல் கிளவுஸ். நெஞ்சுல? தோலு. நெருப்பு அவன் மேலயே கொட்டுது, எரியுதா?”

சேகர் கட்டுக்கம்பி எடுக்கப் போனான். என் வாழ்க்கையில் நான் வென்ற மிகச் சிறந்த வாதம் அது. தொழிற்சாலையில் தள்ளிவிட்ட தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, இரண்டு சுற்று சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கினோம். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். மூன்றே கம்பம்! நடுரோட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டோம். (ஐந்து நிமிடத்தில் குழாய் முழுச் சூடு ஏறாது என்பது டிப்ளமோவில் வந்த பாடம்தான். அன்று நான் லீவு போலிருக்கிறது.)

நிச்சயதார்த்தத்தன்று அம்மாவும் மெர்சியும் காரில் முன்னால் போனார்கள். பரிமாறுவதற்காகப் பாஷா பாய் பஸ்ஸில் போனார். வேனில் நான், சேகர், பின்னால் இரண்டு தேக்சா, அதாவது அண்டா, நிறையப் பிரியாணி. வேனின் தரையில் துரு தின்ற ஓட்டைகள் உண்டு, ரப்பர் மேட் போட்டு மறைத்திருந்தேன். தேக்சாக்கள் அந்த ரப்பர் மேட் மேல். அதற்கு நேர் கீழே, தோல் போர்த்திய குழாய்.

வழியெல்லாம் மூன்று கம்பம்தான். பள்ளிகொண்டா தாண்டியதும் கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தது. டர்போ வண்டி என்றால் சும்மாவா என்று பெருமைப்பட்டேன். வேலூர் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, சிவப்பு விளக்கிலேயே வண்டியைக் கிளப்பிப் போனார்.

“நம்ம சட்டை வாடையா இருக்கும்” என்றான் சேகர். இருவரும் இன்னொரு முறை சென்ட் அடித்துக்கொண்டோம்.

ஆற்காட்டில் பன்னிரண்டரைக்கு டாணென்று இறங்கினோம். பிரியாணியில் ஆவி பறந்தது. பாஷா பாய் மூடியைத் திறந்தவர் இரண்டடி பின்வாங்கினார். அவர் மூக்கு சமையல்காரர் மூக்கு, உயிரோடிருந்தது.

“அரே தம்பி! இன்னா செஞ்சே நீ? இது நான் போட்ட தம் இல்லியே!”

அம்மா ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தார். “நல்லாத்தானே கீது பாய்? பரிமாறுங்க” என்றார். எங்கள் குடும்ப மூக்கு அது. பாஸ்டர் ஜெபத்தை முடித்துவிட்டார், இலைகளும் போட்டாகிவிட்டது.

ஹெட்மாஸ்டர் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டியபடி முதல் வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். பந்தியில் அவர் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும் எலும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா பாய், ஆட்டை உரிக்காமலே போட்டுட்டீங்களா?” என்றார் ஹெட்மாஸ்டர். “மயிர் பொசுங்கின வாடை வருது.”

பாயின் முகம் கறுத்தது. “அல்லா மேல ஆணை சார், நாப்பது வருசமா கரண்டி புடிக்கறேன்...” என்றவர் கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். மெர்சியும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. வாய்தான் திறக்கவில்லை. கல்யாணம் நின்றால் என்னால், பாயின் பெயர் கெட்டால் என்னால். பின்னால் நின்ற சேகர் மெல்ல எண்ண ஆரம்பித்தான். “ஒண்ணு... ரெண்டு...”

அவன் ஏழு என்றபோது நான் கத்திவிட்டேன். “பாய் மேல தப்பில்ல சார்! வண்டிக்குத் தோல் போத்தினேன்! அது எரிஞ்சி புகை ஏறிடுச்சி!”

“தோலா?” ஹெட்மாஸ்டர் இலையைத் தள்ளினார். “வாடைக்கு பயந்துதான் உங்க ஊருக்கே வர மாட்டேன்னேன். நீங்க அதைத் தேக்சாவுல போட்டு என் வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்க. இந்த சம்பந்தம்...”

மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது ஒரு குரல் கேட்டது.

“பாய், இன்னும் கொஞ்சம் வைங்க. பீஸ் ஜாஸ்தியா.”

ஜெயராஜ். இலை சுத்தமாகக் காலி. கண்கள் கலங்கி, மூக்கு நுனி சிவந்திருந்தது. “பாவம், புள்ள அழுவுது” என்று அம்மா தானும் அழ ஆரம்பித்தார். பாய் வைத்த இரண்டாவது கரண்டிப் பிரியாணியையும் ஜெயராஜ் ரசித்துச் சாப்பிட்டார். மூன்றாவதையும்.

ஹெட்மாஸ்டர் மகனின் இலையைப் பார்த்தார். “இதையே ரெண்டாவது தபா கேட்டு வாங்கறவன் இனிமே நான் சொல்லியா கேக்கப்போறான்? மோதிரத்தை எடுங்க.”

குழாயில் ஒட்டிய கரித்தோலை நானும் சேகரும் உளி வைத்துத்தான் செதுக்கி எடுத்தோம். டர்போ அடுத்த வாரமே பழைய இரும்புக் கடைக்குத் திரும்பியது. பாஷா பாய் என்னை மன்னித்தார். ஆனால் அதற்குப் பிறகு என் வண்டியில் ஒரு வெங்காயத்தைக்கூட ஏற்ற விடவில்லை. மெர்சி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி, “அன்புன்னா உங்கப்பா மாதிரி” என்று முடிப்பாள். ஜெயராஜ் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அவர் என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் காதில் சொன்னார். “மச்சான், மெர்சிகிட்ட சொல்லிடாதீங்க. அன்னிக்கி எனக்கு செம ஜலதோஷம். மூக்கு அடைச்சி ஒரு வாசனையும் தெரியல. பசி வேற.”

“அப்படியா” என்று தலையாட்டினேன். கூடத்துக்கு வந்தேன். உட்கார்ந்தேன். இலை போட்டார்கள், பிரியாணி வைத்தார்கள், ஒரு வாய் சாப்பிட்டேன். அப்போதுதான் சிரிப்பு பீறிட்டது. புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

“இன்னாத்துக்கு அண்ணா சிரிக்கற?” என்றாள் மெர்சி. ஜெயராஜ் முகம் வெளிறிப்போனது.

அம்மா இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “உடு மெர்சி. இவன்கிட்ட ஏழு கம்பத்துக்கு முன்னாடி யாராவது இன்னாவாவது சொல்லியிருப்பாங்க.”