சதுரங்க அரங்கில் நெட்டி முறித்த கதை

பிள்ளை சதுரங்கம் ஆடும்போது பெற்றவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. பேசக்கூடாது, தண்ணீர் நீட்டக்கூடாது, நாற்காலியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அது வராது. (ஓட்டப்பந்தயத்தில் சேர்த்திருந்தால் கூடவே ஓடியாவது இருப்பேன்.)

தேயிலைத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை எனக்கு. எதையும் படித்துப் பார்த்துத்தான் பயப்படுவேன். மகள் யாழினி பள்ளி அணியில் சேர்ந்ததும் உலக சாம்பியன் போட்டிகளின் வரலாற்றைப் படித்தேன். ஆட்டம் விளங்கவில்லை, சண்டைகள் நன்றாக விளங்கின. ஒரு போட்டியில் நாற்காலிக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். இன்னொன்றில், ஆட்டக்காரருக்கு வந்த தயிரில் ரகசியச் செய்தி இருக்குமோ என்று புகார். அதே போட்டியில், எதிராளியை முறைத்துப் பார்ப்பதற்கென்றே பார்வையாளர் வரிசையில் ஒருவரை உட்கார வைத்திருந்தார்களாம். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

போன வருடம், எங்கள் மலைப்பக்க ஊரான ரிங்லெட்டில் மாவட்டப் போட்டி. கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் யாழினிக்கு மாநில அணியில் இடம். ஜெயிக்கும் நிலையில்தான் இருந்தாள். அவளுடைய பயிற்சி ஆசிரியரின் முகமே சொன்னது. அப்போதுதான் கவனித்தேன். எதிரே ஆடும் பையனின் அப்பா, கோலா தெர்லாவில் பூத்தோட்டம் வைத்திருப்பவர், இமைக்காமல் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கை தானாக எழுந்தது. தூரத்திலிருந்தே யாழினியின் முகத்தை வழித்தெடுப்பதுபோல் காற்றில் இரு கைகளையும் சுற்றி, என் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தேன். பத்து விரலும் சடசடத்தன. அந்த அமைதியில் அது பட்டாசு.

நடுவராக இருந்த மலாய் ஆசிரியை கடிகாரத்தை நிறுத்திவிட்டு வந்தார். மகளுக்கு என்ன சைகை காட்டினீர்கள் என்று கேட்டார். பிறந்ததிலிருந்து பேசிய மலாய் எனக்கு மறந்துபோனது. உதவிக்கு வந்தவர் அந்தப் பூத்தோட்டக்காரர். பிள்ளைக்குக் கண் பட்டுவிடக்கூடாது என்று எங்கள் அம்மாக்கள் செய்வது இது, சைகை இல்லை என்று பொறுமையாக விளக்கினார்.

ஆசிரியைக்கு நியாயமான சந்தேகம்: யாருடைய கண்?

என் பார்வை தானாகப் பூத்தோட்டக்காரர் பக்கம் போய்த் தொலைந்தது.

என்னையும் அவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். மூடுபனியில் அவருடைய லோரிக்குப் பக்கத்தில் நின்றோம்.

"எம் மவன் தன்னையப் பாக்கக்கூடாதுன்னுட்டான்க்கா. பாத்தா கை நடுங்குதாம். வேற எங்க பாக்குறது? அதான் ஒங்க புள்ளயப் பாத்துக்கிட்டிருந்தேன் லா" என்றார்.

ஆட்டம் சமனில் முடிந்தது. மாநில அணி போயிற்று. யாழினி கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. காரில் ஏறியதும், "நீங்க கையச் சுத்துனதும் எனக்கு போர்டே மறந்துருச்சும்மா" என்றாள். அவ்வளவுதான்.

இன்றும் வீட்டில் நான் தலை சொறிந்தால்கூட, "யானையவா, குதிரையவா? எத நவுத்தச் சொல்ற?" என்பார் என் கணவர்.

இந்த வருடம் யாழினிக்கு மாநில அணியில் இடம் கிடைத்துவிட்டது. போட்டிக்காகக் குவாந்தானுக்கு பஸ் ஏறுமுன் என் எதிரே வந்து நின்று முகத்தை நீட்டினாள்.

"இங்கயே முறிச்சிருங்கம்மா. அங்க வராதீங்க."