குழல் பார்த்த விவகாரம்

ஓபர்மாட்,
14 அக்டோபர் 1983

மதிப்பிற்குரிய மைத்துனர் கொன்ராட் அவர்களுக்கு,

ரூடி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். துன் ஏரிக் காற்றில் உங்கள் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கும் என்றும், கடிகாரக் கடை நன்றாக நடக்கிறது என்றும் நம்புகிறேன். உங்கள் தங்கையும் என் மனைவியுமான ஹெட்விக் அங்கு வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இதற்குள் அவள் தரப்பை நீங்கள் முழுவதும் கேட்டிருப்பீர்கள். என் தரப்பும் ஒன்று உண்டு என்பதால்தான் இந்தக் கடிதம். வாடிக்கையாளர் இல்லாத வேளையாகப் பார்த்துப் பொறுமையாகப் படிக்கவும்.

முப்பத்து நான்கு வருஷம் மலைச் சாலையில் தபால் பஸ் ஓட்டியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் ஊதலை அழுத்தி, எதிரே யாரும் வரவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு திருப்பிய கை இது. ஓய்வு பெற்ற பிறகு வளைவே இல்லாமல் போய்விட்டது மச்சான். சமையலறையிலிருந்து கூடத்துக்கு நேர்கோட்டில் நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் மேட்டுப் பண்ணையில் பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். பால் கேன்களுக்கு நடுவே வெட்டர்லி என்ற பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்று கிடந்தது, நூறு வயதுக்கு மேலானது. கிழவர் ஒருவர் அதை எடுத்து, பின்பக்கத்துப் பூட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் இரும்புத் தண்டை, உருவிவிட்டு, அந்த வாயில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, "முன்னாலேர்ந்து பாருங்க" என்றார். பார்த்தேன். அதை எப்படிச் சொல்வது? வெளியே கறுத்துப்போன இரும்பு. உள்ளே நத்தை ஓட்டைப் போலச் சுழன்று சுழன்று போகும் வெள்ளி வரிகள், கடைசியில் நிலவைப் போல ஒரு வட்டம். மலைச் சாலை அத்தனையும் அந்த ஒரு விரல் அகலத்துக்குள் இருந்தது. கண்ணை எடுத்தபோது பால் கேன்கள் எல்லாம் விற்றுப்போய், கூட்டமும் கலைந்திருந்தது.

அதை வாங்கிக்கொண்டு வந்தேன். அப்புறம் ஒன்று ஆறாயிற்று. வைக்க இடம் இல்லாமல் ஹெட்விக்கின் அலமாரியில் குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் நிறுத்தினேன். கோட்டுகளில் எண்ணெய் வாசனை ஏறியது உண்மை. பழைய துப்பாக்கியைச் சோதிப்பது லேசான வேலை இல்லை மச்சான். குழலிலும் பூட்டிலும் கட்டையிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மரம் மூடியிருக்கும் இடத்தில் துரு ஒளிந்திருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும், பின்கட்டையின் இரும்புத் தகட்டைக் கழற்றினால் சில சமயம் உள்ளே சிப்பாயின் பெயர்ச்சீட்டு இருக்கும். எனக்கு ஒன்றில் அப்படிக் கிடைத்தது. மெல்கியோர் ஸ்டுக்கி, தச்சன், கிளாரஸ். கன்னம் பதிந்து மரம் தேய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தால் மனிதர் இடதுகைக்காரர். அன்று முழுவதும் அவர் நினைப்பாகவே இருந்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் சூப்புக்கு உப்பு போதுமா என்று ஹெட்விக் கேட்டதற்கு, பூட்டின் பிடி வலது பக்கம் இருப்பதால் மெல்கியோருக்கு ரொம்பச் சிரமமாக இருந்திருக்கும் என்று பதில் சொன்னேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இஸ்திரிப் பெட்டி விஷயத்தை அவள் சொல்லியிருப்பாள். துப்பாக்கியின் அக்ரூட் மரக் கட்டையில் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணியைப் போட்டு மேலே சூடான பெட்டியை வைக்க வேண்டும்; ஆவி குடித்து மரம் தானாக உப்பி மேலே வரும். பார்க்கப் பார்க்க எனக்குக் கண் சொக்கிவிடும். கட்டையில் பூசியிருந்த ஆளிவிதை எண்ணெய் பெட்டியில் ஒட்டியதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் ஞாயிறு. அவசரத்தில் அவளும் கவனிக்கவில்லை. சபையில் அறுவடைத் திருநாள் பாட்டுக்கு முன்வரிசையில் நின்றவளின் வெள்ளை ரவிக்கையில், முதுகில், பசுமாட்டு மறுவைப் போலப் பழுப்பாக ஒரு திட்டு. திரும்பி நின்று பாடும் பாட்டு ஒன்று அன்றைக்கென்று இருந்தது.

அதையும் மன்னித்தாள். மன்னிக்காதது அடுத்த புதன்கிழமை நடந்தது. அதில் என் குற்றம் எவ்வளவு என்பதை நீங்களே தீர்மானியுங்கள். காலை வெளிச்சம் கிழக்கு ஜன்னலில்தான் விழும். ஹெட்விக் கடைக்குப் போயிருந்தாள். பூட்டை உருவி மேஜைமேல் வைத்துவிட்டு, குழலின் பின்வாய் ஜன்னலைப் பார்க்க, முன்வாயில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிர்வீட்டு டிராக்ஸல் அம்மாள் தன் சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறார். பூட்டு பூந்தொட்டிக்குப் பின்னால் மறைந்திருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆள், பேச்சுமூச்சில்லாமல், துப்பாக்கி முனையைக் கண்ணில் வைத்துக்கொண்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குத் தெரிந்தது.

கதவைத் தட்டாமல் பாதிரியார் ப்ளூலர் உள்ளே வந்தார். சபைக்கு வெளியே அவர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. துப்பாக்கி பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"ரூடி, உள்ள என்ன இருக்குன்னு மனசு விட்டுச் சொல்லிடுங்க. சொன்னாப் பாரம் குறையும்."

"உள்ள கொஞ்சம் துருதான் பாதிரியாரே. நடுவுல ஒரு இடத்துல மட்டும்."

"அது இல்லாத மனுஷன் யாரு? எவ்வளவு நாளா?"

"நூறு வருஷம் இருக்கும்."

அவர் பரம்பரையாக வந்ததா என்று கேட்டார். மேட்டுப் பண்ணையிலிருந்து வந்தது என்றேன். ஹெட்விக்குக்குத் தெரியுமா என்றார். தெரியும், வேண்டாம் என்றுதான் சொல்கிறாள், ஆனால் காலையில் வெளிச்சம் வந்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு இருட்டா இருந்தாலும் கடைசியில வெளிச்சம் இருக்கு. அதை நம்புங்க ரூடி."

"நம்பறதென்ன, தினம் பார்க்கறேனே. நீங்களும் பாருங்க" என்று துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தேன்.

முகம் வெளுத்துத்தான் வாங்கினார். மேஜைமேல் கிடந்த பூட்டைக் காட்டி நான் விளக்கிய பிறகு, வந்த காரணத்தைச் சொன்னார். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். பிறகு, கையில்தான் இருக்கிறதே என்று, மனிதர் குழலுக்குள் ஒரு தடவை பார்த்தார். ஒரு நீளமான கீர்த்தனையைப் பாடி முடிக்கும் நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. ஹெட்விக் உருளைக்கிழங்குப் பையோடு உள்ளே வந்தபோது அவள் பார்த்தது பாதிரியார் கண்ணில் துப்பாக்கி முனையை வைத்திருப்பதை. பின்னாலேயே ஏணியோடு தீயணைப்புக்காரர்கள் இருவர். ஏணி எதற்கென்று அவர்களுக்கே தெரியவில்லை.

இதோடு போயிருந்தால் சிரித்து மறந்திருப்போம். ஆனால் டிராக்ஸல் அம்மாள் பாதிரியாரைக் கூப்பிடுவதற்கு முன் ரொட்டிக் கடைக்கும் தொலைபேசியில் சொல்லியிருந்தார். மறுநாளிலிருந்து எங்கள் வாசலுக்கு ஜடை ரொட்டி வந்தது, பிளம் பழப் பணியாரம் வந்தது, கல்லறையில் வைக்கும் ரகத்தில் ஒரு பூங்கொத்தும் வந்தது. நான் கடைக்குப் போனால் வழிநெடுகப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஹெட்விக் போனால் பேச்சு நின்றுவிடும். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள், அதுவும் அன்பாக. நான் வீடு வீடாகப் போய், பூட்டு இல்லாத துப்பாக்கி வெறும் குழாய்தான் என்று விளக்கினேன். பாவம், சமாளிக்கிறார் என்று முதுகைத் தட்டி அனுப்பினார்கள்.

அவள் பெட்டி கட்டிய அன்று சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நாப்பத்தோரு வருஷம் உங்களுக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். என்னோட இருக்கறதுக்குச் சாவே மேல்னு நீங்க நினைச்சதா ஊரு பேசுது. அந்தக் குழாய்க்குள்ள பார்க்கற மாதிரி ஒரு நாளாவது என்னைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பதில் இருந்தது மச்சான். அவள் அடுப்படியில் முதுகைக் காட்டி நிற்கும்போது பார்த்திருக்கிறேன், நிறையத் தடவை. ஆனால் மதிய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் பழக்கிவிட்ட பையன்தான் இப்போது அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறான். வளைவில் மூன்று தடவை ஊதினான். மூன்றும் எனக்கென்றே கேட்டது.

ஒன்பது நாளாக வீட்டில் மரம்கூட முனகவில்லை. குழலில் கண்ணை வைத்தால் வரிகள் இருக்கின்றன, சுழலவில்லை. ஆகவே முடிவு செய்துவிட்டேன். லாங்னாவ் ஊர்த் துப்பாக்கி வியாபாரி சனிக்கிழமை வருகிறார், ஆறையும் எடுத்துக்கொண்டு போகட்டும். கோட்டுகளை வெயிலில் போட்டுவிட்டேன். புது இஸ்திரிப் பெட்டி வாங்கியாயிற்று. இனி இந்தக் கையால் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்பதை ஹெட்விக்கிடம் நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் வேறு ஏதோ சொல்லிவிடுவேன். அவள் எந்தப் பஸ்ஸில் வந்தாலும் நிறுத்தத்தில் நிற்பேன்.

உங்களுக்கும் உங்கள் இல்லத்தாருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், கடையில் நிற்காத கடிகாரங்களும் அருளட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
ரூடி ஓபர்லி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஹெட்விக்கே வந்து நின்றாள். கையில் உங்கள் வீட்டுக் கம்பளியில் சுற்றிய நீள மூட்டை. நீங்கள் கடைக்குப் போனபின் பொழுது போகாமல் பரணில் ஏறியிருக்கிறாள். உங்கள் அப்பாவின் ராணுவத் துப்பாக்கி அங்கே கிடந்திருக்கிறது. கோட்டைக்கூடக் கழற்றாமல், "பூட்டை எப்படி உருவறது?" என்று கேட்டாள். உருவிக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். குழல் கண்ணாடியைப் போல இருந்தது, ஒரு பொட்டுத் துரு இல்லை. குடித்தே மரவாடியைத் தொலைத்த மனிதர், வீட்டில் ஒரு ஆணியைக்கூட நேராக அடிக்காதவர் என்று அவரைப் பற்றி நீங்கள் இருவரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஹெட்விக் கண்ணை எடுக்காமலே, "அப்பா இதை மட்டும் துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்திருக்கார். நமக்குத் தெரியாமப் போச்சு" என்றாள். பிறகு எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். லாங்னாவ் வியாபாரிக்கு வரவேண்டாம் என்று அவளே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். ஆகவே மேலே எழுதியதில் வாழ்த்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். துப்பாக்கியின் தோல்வார் இன்னும் உங்கள் பரணில்தான் இருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை இருவருமாக வருகிறோம். நீங்களும் ஒரு தடவை பாருங்கள், மூட்டையை எடுத்து வருகிறோம்.